மலைப்பனியில் ஒரு ரிவால்வர்

2021 சட்டமன்றத் தேர்தலுக்காக மார்ச் தொடக்கத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைத்த ரிவால்வரை ஜூலையில்தான் போய் வாங்கினேன். வாக்குப்பதிவு ஏப்ரல் 6, எண்ணிக்கை மே 2. அப்புறம் ஊரடங்கு. இப்போது அதற்கு என்ன அவசரம் என்று நானும் இருந்துவிட்டேன். ஏற்காட்டு வீட்டுக்கு வந்து தோலுறையின் பொத்தானைக் கழற்றி வெளியே இழுத்தால், தோல் பட்ட இடமெல்லாம் செம்மண் தூவியதுபோல் துரு. உறையின் உள்தையல் எப்படி ஓடியதோ, அதே கோடு குழலின் மேல் அச்சு விழுந்திருந்தது.

யாரையும் குறை சொல்ல முடியாது. ஒரு பொட்டு எண்ணெய்கூட இல்லாமல் துடைத்து, தோலுறைக்குள் திணித்து, ரசீது வாங்கிக்கொண்டு வந்தவன் நான்தான்.

அது அப்பாவின் ரிவால்வர். கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்தது, .32 அளவு, ஆறு குண்டு. பழைய வெப்ளி ரிவால்வர்களைப் போல நடுவில் மடித்துத் திறக்கும் வகை. நாகலூர்ப் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு காப்பித் தோட்டம் இருக்கிறது. சனிக்கிழமைக் கூலிப் பட்டுவாடாவுக்குச் சேலத்திலிருந்து ரொக்கம் எடுத்துவந்த காலத்தில் அப்பா உரிமம் வாங்கினார். அவர் போன பிறகு முறைப்படி என் பெயருக்கு மாறியது. இதை வைத்துக்கொண்டு நான் சாகசம் எதுவும் செய்ததில்லை. வாசலில் காட்டுமாடு வந்து நின்றால் கதவைச் சாத்திக்கொண்டு, அது போகும்வரை காப்பி குடிப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். வருடத்துக்கு இரண்டு முறை துப்பாக்கி சுடும் கழகத்துக்குப் போய்ப் பத்துப் பன்னிரண்டு குண்டு சுடுவதோடு சரி.

துருவைப் பார்த்ததும் முதலில் செய்த காரியத்தைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கும் வீட்டில் வளர்ந்தவன் நான். கை தானாகச் சமையலறைக்குப் போய்விட்டது. ஊறவைத்த புளியைத் தொட்டுக் குழலின் ஓரத்தில் தேய்த்தேன். துரு போனது. கூடவே அதன் கருநீல நிறமும் போனது. கட்டைவிரல் அகலத்துக்கு எஃகு வெள்ளையாகப் பல்லிளித்தது.

அந்தக் கருநீலம் பெயின்ட் கிடையாது, புளூயிங் என்பார்கள். எஃகின் மேற்பரப்பையே ரசாயனக் குளியலில் பக்குவப்படுத்தி உண்டாக்கும் கறுப்பு இரும்பு ஆக்சைடு அது. ஒரு வகையில் அதுவும் துருவின் பங்காளிதான், நல்ல பங்காளி. எண்ணெயைப் பிடித்துவைத்துக்கொண்டு சிவப்புத் துருவை அண்டவிடாது. அமிலம் பட்டால் சிவப்பும் போகும், கறுப்பும் போகும். புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாம் இதில் ஒன்றுதான். பித்தளைக்கு வைத்தியம் எஃகுக்கு விஷம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

கன்னங்குறிச்சியில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் இருக்கிறார். ராணுவத்தில் ஆர்மரர், அதாவது ஆயுதங்களைப் பழுது பார்ப்பவர். போனில் சொன்னதும் மறு ஞாயிற்றுக்கிழமையே 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறி வந்துவிட்டார். ரிவால்வரைத் திறந்து, ஆறு அறையிலும் சுண்டுவிரல் நுனியை வைத்துக் காலி என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் துருவையே பார்த்தார்.

“ஏந்தம்பி, இதென்ன குத்துவிளக்கா?” என்றார்.

அப்புறம் குதிரையை, அதாவது குண்டைத் தட்டி வெடிக்கவைக்கும் சுத்தியலை, பின்னுக்கு இழுத்துப் பார்த்தார். கம்பில் ஒட்டிய வெல்லப்பாகு மாதிரி மெல்ல வந்தது. “இதுக்கு என்ன எண்ணெய் போட்டீங்க?”

அப்பா காலத்திலிருந்து தேங்காய் எண்ணெய்தான். மார்கழியில் ஏற்காட்டில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது. வெந்நீரில் வைத்து உருக்கித்தான் தலைக்குத் தேய்ப்போம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறைந்துவிடும். அதே எண்ணெய் விசைக்குள்ளும் உறையும் என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. உறைவதுகூடப் பரவாயில்லை, வெயிலில் இளகிவிடும். வருடக்கணக்கில் காற்றுப் பட்டுச் சிக்குப் பிடித்துப் பிசினாகிவிட்டால் இளகாது. சமையல் எண்ணெய் எதுவானாலும் கதி இதுதான்.

பெயர்போன துப்பாக்கிச் சுத்திகரிப்பான் எதையாவது ஆன்லைனில் வாங்கலாமா என்று கேட்டேன். வாங்கலாம், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த கலவையை வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்றார். அவர் சொன்ன கலவைக்கு ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் இருந்த ஃபிராங்க்ஃபோர்ட் ஆயுதச்சாலையில் 18ஆம் எண் சுத்திகரிப்பான் என்று ஒன்று இருந்தது. மண்ணெண்ணெய், டர்பென்டைன், அசிட்டோன், கூடவே ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெய். 1970களில் அங்கே திமிங்கல எண்ணெய்க்குத் தடை வந்தது. பிற்பாடு எட் ஹாரிஸ் என்ற துப்பாக்கி வல்லுநர் அந்த இடத்தில் தானியங்கி கியர் வண்டிகளுக்கு ஊற்றும் ஏ.டி.எஃப். எண்ணெயைப் போட்டுப் புதிதாக ஒரு செய்முறையைச் சொன்னார். ஏ.டி.எஃப். சிவப்பாக இருப்பதால் கலவைக்கு ‘எட்ஸ் ரெட்’ என்று பெயர். நான்கும் சமபங்கு, அவ்வளவுதான்.

சமபங்கு என்றாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மண்ணெண்ணெய் நுண்ணிய இடுக்குகளில் புகுந்து அழுக்கை இளக்கும். டர்பென்டைன் கரியையும் மெழுகையும் பிசினையும் கரைக்கும். அசிட்டோன் இன்னும் முரட்டுக் கரைப்பான், தண்ணீரோடும் கலக்கும். வேலையை முடித்துவிட்டு ஆவியாகிப் போய்விடும். இவை மூன்றும் போன பிறகு எஃகின் மேல் மெல்லிய படலமாகத் தங்குவது ஏ.டி.எஃப். துருவைத் தடுக்கும் சேர்மானங்கள் ஏற்கெனவே அதில் உண்டு. வெறும் மண்ணெண்ணெயில் கழுவி அப்படியே வைக்கும் பழக்கம் இங்கே பலரிடம் இருக்கிறது. அழுக்கு போகும், உண்மைதான். ஆனால் இருந்த எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடுவதால், நாலு நாள் பனியிலேயே எஃகு சிவக்கத் தொடங்கும்.

பொருள்களை வாங்கச் செவ்வாய்பேட்டையில் அரை நாள் அலைந்தேன். ஏ.டி.எஃப். என்றால் சில கடைகளில் முழிக்கிறார்கள். ‘பவர் ஸ்டீயரிங்குக்கு ஊத்துற சிவப்பு ஆயில்’ என்றால் உடனே எடுத்து வைக்கிறார்கள். டப்பாவில் டெக்ஸ்ரான் என்ற ஏ.டி.எஃப். வகைப் பெயர் போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன். பெயின்ட் கடையில் டர்பென்டைன் என்று கேட்டுத் தின்னரை வாங்கி வந்துவிடக் கூடாது. தின்னரில் என்னென்ன கரைப்பான்கள் எந்த அளவில் இருக்கும் என்று சொல்லவே முடியாது. நமக்கு வேண்டியது மினரல் டர்பென்டைன். அசிட்டோன் வேண்டும் என்று நகப்பூச்சு அழிக்கும் பாட்டிலை வாங்குவதும் வீண், அதில் தண்ணீரும் வாசனையும் சேர்த்திருப்பார்கள். ரசாயனக் கடையில் சுத்தமான அசிட்டோன் கிடைத்தது. மண்ணெண்ணெயைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஒரு ராத்திரி அசையாமல் வைத்தேன். அடியில் பட்டாணி அளவுக்குத் தண்ணீர் முத்து நின்றது. மேலாக இறுத்து எடுத்துக்கொண்டேன்.

ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது: லானோலின். ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் மெழுகு, மருந்து மூலப்பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். அது சேர்க்காவிட்டாலும் கலவை சுத்தம் செய்யும். ஆனால் நீண்ட நாள் பெட்டியில் கிடக்கப்போகிற துப்பாக்கிக்கு உண்மையான காவல் அதுதான். “சுத்தம் பண்றது வேற வேலை தம்பி, காபந்து பண்றது வேற வேலை” என்று ஹவில்தார் அண்ணன் அன்றைக்கு மூன்று தடவையாவது சொல்லியிருப்பார். லிட்டருக்குச் சுமார் 120 கிராம் கணக்கு. அடுப்பில் உருக்கிக்கொண்டே அசிட்டோன் பக்கம் போகிற விபரீதம் வேண்டாம் என்று, சேலத்தில் அக்கா வீட்டு மொட்டை மாடியில் மத்தியான வெயிலில் வைத்தேன். 40 டிகிரிப் பக்கம் அது தானாக இளகிவிடும். சேலத்து வெயில் எதற்காவது உபயோகப்பட்டதே என்று அக்கா சிரித்தாள். இளகியதை முதலில் டர்பென்டைனில் கரைத்து, அதன் பிறகு மற்ற மூன்றையும் 250 மில்லி வீதம் ஊற்றிக் கலக்கினேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். அசிட்டோன் ஆவி பெட்ரோல் ஆவியைப் போல, எட்ட இருக்கும் நெருப்பையும் தேடிப்போய்ப் பிடிக்கும். கலப்பதும் துடைப்பதும் திறந்த வெளியில்தான். பக்கத்தில் அடுப்போ சாமி விளக்கோ ஊதுபத்தியோ பீடியோ இருக்கக் கூடாது. குளிர்பான பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஊற்றி வைக்கக் கூடாது. மண்ணெண்ணெயைத் தண்ணீர் என்று நினைத்துக் குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் குழந்தைகள் நம் ஊரில் கொஞ்சநஞ்சமில்லை. இதுவோ பார்க்க ரோஸ்மில்க் நிறம். நான் இறுக்கமான மூடியுள்ள தகர டின்னில் ஊற்றி, பெரிய எழுத்தில் பெயர் எழுதி, பூட்டிய அலமாரியில் வைத்திருக்கிறேன். மூடி தளர்ந்தால் அசிட்டோன் மட்டும் பறந்துபோய், மிச்சக் கலவை மந்தமாகிவிடும். அது வேறு நஷ்டம்.

துருவை எடுத்தது மிகச் சாதாரணமாக நடந்தது. கலவையைத் தடவி அரை மணி நேரம் ஊறவிட்டு, நாலு ஜீரோ என்று சொல்லும் மிக மெல்லிய எஃகுப் பஞ்சை அதிலேயே தோய்த்து, குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல் அழுத்தாமல் தேய்த்தோம். சிவப்பு கரைந்து வழிந்தது, கருநீலம் பெரும்பாலும் தங்கியது. தையல் கோடு விழுந்த இடத்தில் மட்டும் சின்னக் குழிகள் நிரந்தரமாகிவிட்டன. புளி தேய்த்த இடம் இன்றைக்கும் வெள்ளைதான்.

வழக்கமான சுத்தம் இப்போது எனக்கு ஒரு மணி நேர வேலை. முதலில் குண்டுகள் வேறு அறைக்குப் போய்விடும். கலவை தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு என்ற சின்ன மூடிக்குள் கசிந்தால் அது வெடிக்காமல் போகலாம் என்பது ஒரு காரணம். மேசையில் குண்டே இல்லாவிட்டால் கை தவறுவதற்கும் இடமில்லை என்பது இன்னொன்று. பிறகு திறந்து, ஆறு அறையையும் கண்ணால் ஒருமுறை, விரலால் ஒருமுறை. மடித்துத் திறக்கும் வகை என்பதால் குழலைப் பின்பக்கத்திலிருந்தே சுத்தம் செய்யலாம். முன்வாயிலிருந்து கம்பியை விட்டுக் குத்தினால் வாயின் விளிம்பு தேய்ந்து குறி தவறும். கம்பி பித்தளையாக இருந்தால் நல்லது. பழைய வேட்டியைச் சின்னச் சதுரங்களாக வெட்டி வைத்திருக்கிறேன். ஒன்றைக் கலவையில் தோய்த்து ஓட்டிவிட்டுப் பத்து நிமிடம் பொறுப்பேன். அதன் பிறகு வெண்கலப் பிரஷ். நடுவழியில் பிரஷ்ஷைத் திருப்பி இழுக்காமல் ஒரேயடியாக வெளியே வரும்வரை தள்ள வேண்டும். துணி வெள்ளையாக வெளிவரும்வரை இதே கதைதான்.

ரிவால்வரில் எல்லோரும் மறக்கும் இடம் ஒன்று உண்டு. காலிக் கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகடு இருக்கிறதே, அதன் அடிப்பக்கம். எரியாத மருந்துத் துகள் நாலு அங்கே சிக்கினாலும் தகடு சரியாக உட்காராது, ஆறு அறையும் உள்ள உருளை சுழலாமல் இறுகும். எங்கோ பெரிய பழுது என்று பயந்துகொண்டிருப்போம். பழைய பல் பிரஷ்ஷால் ஒரு தட்டு தட்டினால் தீர்ந்துவிடும்.

ஈயக்குண்டு சுடுவதால் குழலின் பின்வாயில் ஈயம் அப்பிக்கொள்ளும். கலவைக்கு ஈயத்தைக் கரைக்கும் சக்தி கிடையாது. பாத்திரம் தேய்க்கும் செம்புக் கம்பிப் பஞ்சில் நாலு இழை எடுத்துப் பழைய பிரஷ்ஷில் சுற்றித் தேய்த்தால் உரிந்து வரும். வாங்கும்போது கையில் ஒரு காந்தம் கொண்டுபோங்கள். காந்தம் ஒட்டினால் அது செம்பு முலாம் பூசிய இரும்பு, குழலைக் கீறிவிடும். வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலந்து ஊற்றினால் ஈயம் நிமிடத்தில் கரையும் என்று யாராவது சொல்வார்கள். கரையும்தான், ஆனால் கரைந்து உண்டாவது ஈய அசிடேட் என்ற நஞ்சு, அது தோல் வழியாகவும் ஏறும். எனக்கு அந்த அவசரம் இல்லை. சாதாரணச் சுத்தத்துக்கே கையுறை போட்டுக்கொள்கிறேன், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முறுக்கைக்கூடத் தொடுவதில்லை.

எண்ணெய் விடும்போதுதான் நம் கை தாராளமாகிவிடுகிறது. தலைக்கு எண்ணெய் வைக்கிற பழக்கமோ என்னவோ. ரிவால்வருக்கு மொத்தம் ஐந்தாறு பொட்டுப் போதும்: மடிப்புக் கீல், உருளையின் அச்சு, குதிரையின் அச்சாணி, விசையின் அச்சாணி, நட்சத்திரத் தகட்டின் தண்டு. ஈர்க்குச்சி நுனியை எண்ணெயில் தோய்த்து அந்தந்த இடத்தில் வைத்தால் அளவு தவறாது. உலோகத்தோடு உலோகம் உரசுகிற இடம்தான் கணக்கு, மற்ற இடங்களில் துணியால் தடவிய பளபளப்புப் போதும். ஸ்லைடு என்ற மேல்பகுதி முன்னும் பின்னும் நகரும் பிஸ்டலாக இருந்தால் அது ஓடும் தடங்களில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோடு. அதிகமாகிப்போன எண்ணெய் தூசியைச் சேர்த்து மறுபடி பிசினாகும். சுடப் போவதற்கு முன்னால் குழலிலும் அறைகளிலும் உள்ள படலத்தை உலர்ந்த துணியால் ஓட்டி எடுத்துவிட வேண்டும், அது முக்கியம். கைப்பிடிகளைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நான் கலவையைத் தொடுகிறேன்; அசிட்டோன் பிளாஸ்டிக்கையும் உருக்கும், மரத்தின் வார்னிஷையும் உரித்துவிடும். உள்ளே விசையின் ஸ்பிரிங்குகளைக் கழற்றிப் பார்க்கும் ஆசை எனக்கும் வந்ததுண்டு. அது உரிமம் பெற்ற கடைக்காரரின் வேலை, ஹவில்தார் அண்ணனே அதில் கை வைக்கவில்லை.

இவ்வளவு தேறிய பிறகு வருமே ஒரு தலைக்கனம், அது எனக்கும் வந்தது. அக்கா மகள் கல்லூரியில் படிக்கிறாள், 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறாள். விடுமுறைக்கு ஏற்காடு வந்தவளின் பிஸ்டலை, அவள் தூங்கும்போது ஆசையாக எடுத்து, அதே சிவப்புக் கலவையால் குழலையும் பின்வாயையும் பளிச்சென்று துடைத்து வைத்தேன். இரண்டு நாள் கழித்துச் சேலத்திலிருந்து போன்.

“மாமா, என் பிஸ்டல்ல என்ன பண்ணீங்க?”

தாளில் குண்டுகள் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் விழுகின்றன என்றாள். பின்வாயில் இருந்த ரப்பர் வளையத்தை அசிட்டோன் ஊதவைத்துவிட்டது. அழுத்தக் காற்று அந்த வளையத்தை நம்பித்தான் அடைந்து நிற்கிறது. அது ஒழுகினால் ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு வேகத்தில் போகும். ஏர் பிஸ்டலில் மருந்து எரிவதே இல்லை, கரியும் இல்லை. கம்பளித் துணுக்குகளை எப்போதாவது குழலில் ஓட்டினாலே அதிகம், ரப்பர் வளையத்துக்குத் தொட்டுவைக்க அதற்கென்று சொல்லியிருக்கும் சிலிக்கோன் கிரீஸ். ஸ்பிரிங்கும் பிஸ்டனும் உள்ள சாதாரண ஏர் பிஸ்டலாக இருந்தால் இன்னும் மோசம்: காற்று அழுந்திச் சூடாகும் அறைக்குள் பெட்ரோலிய எண்ணெய் போனால் டீசல் இன்ஜினில் நடப்பதுபோல் அது தீப்பற்றி வெடிக்கும். புது வளையம் வாங்கிப் பொருத்தும் செலவு என் கணக்கில். அதற்குப் பிறகு அவள் ஏற்காட்டுக்கு வரும்போதெல்லாம் பிஸ்டல் பெட்டிக்குத் தனிப் பூட்டு.

இத்தனையும் செய்தாலும் மலையில் கடைசி எதிரி ஈரம்தான். சுமார் 1500 மீட்டர் உயரத்தில், ஐப்பசி கார்த்திகையில் மேகமே சன்னல் வழியாக வீட்டுக்குள் நடந்து வரும். அப்பளம் நமுத்துப்போகும், தீப்பெட்டி நமுத்துப்போகும். எஃகு சும்மா இருக்குமா? தோலுறை இப்போது சுவரில் ஆணியில் தனியாகத் தொங்குகிறது. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பதனிட்ட உப்புகளும் அதில் உண்டு. துப்பாக்கியை எடுத்துச் செல்வதற்குத்தான் அது, குடிவைப்பதற்கு இல்லை. பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு வைத்திருக்கிறேன். நீலம் வெளுத்து இளஞ்சிவப்பானால் அடுப்புச் சூட்டில் மெல்ல வாட்டி மறுபடி நீலமாக்கிக்கொள்வேன், ஆனால் அதற்கென்று ஒதுக்கிய பழைய வாணலியில்தான், தோசைக்கல்லில் இல்லை. இன்னொன்று எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது: காலைக் குளிரில் ஏற்காட்டில் எடுத்த ரிவால்வரைச் சேலத்தில் இறங்கியதும் பெட்டியிலிருந்து எடுத்தால், ஐஸ் தண்ணீர் டம்ளர் மாதிரி வியர்த்துவிடும். சூடு சமமாகும்வரை ஒரு மணி நேரம் பெட்டியைத் திறப்பதில்லை.

2024 நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு மார்ச் 16 அன்று வந்தது. அன்றைக்கே டின்னை எடுத்துவிட்டேன். சுத்தம் செய்து, உலரவிட்டு, மேலே லானோலினைக் கொஞ்சம் கெட்டியாகவே டர்பென்டைனில் கரைத்து, உள்ளும் புறமும் ஒரு கை பூசினேன். மெழுகுத் தாளில் சுற்றி, சிலிக்கா ஜெல்லோடு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, உறை இல்லாமல் ஒப்படைத்தேன். ஏப்ரல் 19 வாக்குப்பதிவு, ஜூன் 4 எண்ணிக்கை. அதற்குள் கோடை மழை நாலைந்து தடவை கொட்டித் தீர்த்தது.

ஜூன் நடுவில் போய் ரசீதை நீட்டினேன். டப்பாவைத் திறந்து ரிவால்வரின் வரிசை எண்ணைச் சரிபார்த்த காவலர் மூக்கைச் சுளித்தார்.

“என்னங்க இது, ஆட்டுப்பட்டி வாசம் அடிக்குது?”

தாளைப் பிரித்துக் குழலின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தேன். விரலில் மெழுகுதான் ஒட்டியது, சிவப்பு இல்லை. “மழைக்கு நனையாம இருக்க ஆடு பூசிக்கிறதுங்க அது” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.